சிவப்பு மையில் ஒரு விருதுக் கடிதம்

லொரெட்டா நோவாக் இருபத்திரண்டு வருடமாக நாற்பத்தொன்றாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். எங்கள் டொலீடோ நகரத்தின் காலைக் குளிரில் நாங்களெல்லாம் காபிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவள் டார்ச் லைட்டோடு வண்டியைச் சுற்றி வருவாள். டயர், பிரேக், அவசரக் கதவு எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள். ஓட்டுநர் தினமும் நிரப்ப வேண்டிய சோதனைத் தாள் ஒன்று உண்டு. குறை இருந்தால் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும், வட்டம் விழுந்த வண்டி கொட்டகையை விட்டு நகரக் கூடாது. எங்களில் பாதிப் பேர் இருக்கையில் உட்கார்ந்தபடியே எல்லாம் சரி என்று டிக் போட்டுவிடுவோம். தொழிற்சங்கப் பிரதிநிதியான நானும் போட்டிருக்கிறேன். லொரெட்டா ஒருநாளும் போட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு கல்லூரி, குறையை மறைத்து டிக் போட்ட தாள் ஒன்றை நீட்டியது.

அவள் மகள் டெஸ், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அம்மாவின் பேருந்தில் வரும் காது கேளாத பிள்ளைகளோடு சின்ன வயதிலேயே கைகளால் பேசக் கற்றவள். சுற்றுவட்டாரத்தில் அந்தப் படிப்பு இருப்பது இந்த ஒரு தனியார் கல்லூரியில்தான். இடம் கிடைத்துவிட்டது. மே முதல் தேதிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். உதவித்தொகை எவ்வளவு என்ற கடிதம் மார்ச்சில் வந்தது.

"வின்னி, இதைப் படி" என்று என் கையில் கொடுத்தாள். "மொத்த விருது முப்பத்தெட்டாயிரம் டாலர்" என்று தங்க எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் பார்த்தால் அதில் பதினாலாயிரம் கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடனுக்கு விருது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் கடன்காரனுக்கு மாலை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதைவிட மோசம் முதல் வரி. "அன்புள்ள லொரெட்டா, ரேமண்ட்" என்று இருந்தது. ரே, அவள் கணவன். அக்டோபரில் விண்ணப்பம் அனுப்பும்போது உயிரோடு இருந்தான், கிறிஸ்துமஸுக்கு முன் போய்விட்டான். முந்தின வருடத்துக்கும் முந்தின வருட வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த வருடம் கண்ணாடி ஆலையில் ரே முழுச் சம்பளம் வாங்கினான். போதாததற்கு அவன் சிகிச்சைக்காக ஓய்வூதியச் சேமிப்பை மொத்தமாக உடைத்து எடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போன அந்தப் பணமும் வருமானமாம். காகிதத்தில் லொரெட்டா பணக்காரி ஆகிவிட்டாள்.

"போய்ப் பேரம் பேசுவோம்" என்றேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நான் கண்டதெல்லாம் சம்பள ஒப்பந்தப் பேச்சு. இரண்டு மடங்கு கேள், எதிராளி இழுக்கட்டும், நடுவில் நிற்கலாம். அரசுக் கல்லூரி ஒன்று டெஸ்ஸுக்குக் கூடுதலாகத் தருவதாக எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தையும் துருப்புச்சீட்டாக எடுத்துக்கொண்டேன்.

வசந்த விடுமுறையில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். உதவித்தொகை அலுவலகத்தில் விட்கோம் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார். நான் அரசுக் கல்லூரிக் கடிதத்தை மேசையில் போட்டு, "இவங்க இவ்வளவு தராங்க, நீங்க எவ்வளவு ஏத்துவீங்க? பேரத்துக்குத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

அவர் முகம் கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. கடிதத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "இங்க பேரம் கிடையாது மேடம். மறுபரிசீலனைன்னு சொல்வோம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

ஒரு வார்த்தைக்காக வாசலை அடைக்கிற ஊர். வார்த்தையை மாற்றினால் கதவு திறக்குமாம். லொரெட்டா என் முழங்கையை அழுத்திவிட்டு, "சரி சார், மறுபரிசீலனை. படிவம் கொடுங்க" என்றாள்.

அங்கேயே நிரப்பிக் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு, "ரெண்டு கையெழுத்து வேணுமே" என்றார்.

"என் வீட்டுக்காரர் இறந்துட்டார். ஜனவரியிலயே போன் பண்ணிச் சொன்னேன்."

"வருந்துறேன் மேடம். ஆனா பதிவுல ரெண்டு பெற்றோர்னு இருக்கு. ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது."

நான் எழுந்துவிட்டேன். "செத்தவர் கையெழுத்துக்கு எங்கய்யா போறது?"

"உக்காரு வின்னி" என்றாள் லொரெட்டா. படிவத்தைத் திரும்ப வாங்கி இரண்டாவது கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: "ரேமண்ட் நோவாக். கல்லறைத் தோட்டம், சி பகுதி, ஒன்பதாம் வரிசை. வேண்டுமானால் நேரில் போய் வாங்கிக்கொள்ளவும்." இறப்புச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஏப்ரல் நடுவில் இரண்டாவது கடிதம். "வாழ்த்துகள், உங்கள் விருது எட்டாயிரம் டாலர் உயர்த்தப்பட்டுள்ளது." அந்த எட்டாயிரமும் லொரெட்டாவின் பெயரில் புதுக் கடன். மறுபரிசீலனை என்றால் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாகக் கொடுப்பது என்று அன்று புரிந்தது.

"விடும்மா. அரசுக் கல்லூரியில வேற ஏதாவது படிச்சுக்கறேன்" என்றாள் டெஸ்.

மறுநாள் காலை லொரெட்டா வண்டியைச் சோதித்து முடித்தபின், புதிதாக ஒரு சோதனைத் தாளை எடுத்தாள். கல்லூரிக் கடிதத்தை ஸ்டியரிங் மேல் விரித்து, கடன் என்று இருந்த ஒவ்வொரு வரியையும் சிவப்பில் வட்டமிட்டாள். தாளில் வண்டி எண்ணுக்குரிய இடத்தில் டெஸ்ஸின் மாணவர் எண். குறை: "பிரேக் இல்லை, இருப்பதாக எழுதியிருக்கிறது." கையெழுத்து, தேதி, நேரம். இரண்டையும் கல்லூரிக்கு அனுப்பினாள். நான்கு நாள் கழித்து ஓட்டுநர் அறையிலிருந்து விட்கோமுக்குப் போன் செய்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், பெரும்பாலான குடும்பங்கள் இதை ஏத்துக்கறாங்க" என்றார் விட்கோம்.

"இருக்கலாம் சார். எங்க கொட்டகையிலயும் பார்க்காம டிக் போடறவங்க இருக்காங்க." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் உங்ககிட்ட ரெண்டு மடங்கு கேக்கலை. இந்த வருஷம் என் வீட்டுல ஒரு சம்பளம்தான். அதை வச்சு மறுபடி போடுங்க. கடனைக் கடன்னு எழுதுங்க. குறை இருக்கிற வண்டியில நான் யார் பிள்ளையையும் ஏத்தினதில்லை, என் பிள்ளையையும் ஏத்த மாட்டேன்."

"அந்தத் தாள் என் மேசையிலதான் இருக்கு மேடம்" என்றார் அவர். "மேல கொண்டுபோறேன்."

ஏப்ரல் கடைசி வியாழன் மூன்றாவது கடிதம் வந்தது. லொரெட்டாவின் பெயரில் போட்டிருந்த கடன் மொத்தமும் போய், அந்த இடத்தில் திருப்பித் தர வேண்டாத உதவி. டெஸ் தன் பெயரில் ஒரு சின்னக் கடன் மட்டும் வாங்கினால் போதும். அதற்குக் கடன் என்றே பெயர் போட்டிருந்தார்கள். லொரெட்டா சமையலறை மேசையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். சிவப்புப் பேனா பக்கத்தில் மூடி திறந்தபடி கிடந்தது.

எனக்குத்தான் கண்ணில் பட்டது. கடிதத்தின் தலையில், மறுபடியும் "அன்புள்ள லொரெட்டா, ரேமண்ட்". போன் செய்து சொல்லி, சான்றிதழ் கொடுத்து, கல்லறை வரிசை எண்ணையும் எழுதிக் கொடுத்த பிறகும். பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.

"இதை வட்டம் போடு. இப்பவே போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

லொரெட்டா பேனாவை எடுத்தாள், அந்தப் பெயரைப் பார்த்தாள், மூடியைப் போட்டு மூடினாள்.

"மின்சாரக் கம்பெனி அவர் பேரை எடுத்துட்டான். பேங்க் எடுத்துட்டான். ஆலைக்காரனும் எடுத்துட்டான்" என்றாள். "டெஸ் காலேஜ் கடிதத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும்டி."