களப்பயிற்சியில் ஒரு குறை

சமூகப்பணியில் அனுபவம் உள்ளவர்களுக்கான முதுநிலைப் படிப்பின் வாய்மொழித் தேர்வில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். விதிமுறைகள் தெரிந்தவன் என்று, ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேர்வுக் குழுவில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உருவம். சண்டை விலக்கப் போகிறவர் போல முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

மாட்டுத்தாவணிப் பக்கத்துக் குடிசைகளில் பாதி வாழ்நாள் வேலை செய்தவர். பட்டம் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளர் பதவியில் நீடிக்க முடியாது என்று நிதி கொடுப்பவர்கள் சொன்னதால் படிக்க வந்தார். முதுநிலைப் பட்டம் பெற்றவர்தான் களப்பயிற்சியை மேற்பார்வையிட வேண்டும் என்பது விதி. அவருடைய அலுவலகத்தில் அப்படி ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே இந்த அம்மாதான். விதிப்படி அவளே இவரை மதிப்பிட்டாள்.

"மக்களோட பழகுறதில முன்னேற்றம் தேவைன்னு உங்க மேற்பார்வையாளர் எழுதியிருக்காங்களே?" என்று கேட்டேன்.

"நாந்தேன் சார் எழுதச் சொன்னேன். மாட்டேன்னு அந்தப் புள்ள அழுதுச்சு."

"ஏம்மா?"

"எல்லாம் நல்லாருக்குன்னா நம்புவீகளா? நான் எம்புட்டு ரிப்போர்ட் எழுதியிருக்கேன்! ஒரு குறையாச்சும் இருந்தாத்தேன் மேல உள்ளவுகளுக்கு நிம்மதி."

நேர்மையான மதிப்பீடு என்று அந்த வரியைத்தான் நாங்கள் பாராட்டியிருந்தோம். அதில் சொன்ன குறைக்காக மதிப்பெண்ணும் குறைத்திருந்தோம். திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை.

தேர்ச்சி பெற்றார், பதவியும் நிலைத்தது. அவருக்கு நாங்கள் என்ன கற்றுக்கொடுத்தோம் என்று யாராவது கேட்டால், பாடத்திட்டத்தை வரிசையாக ஒப்பித்துவிடுவேன். அதற்கு மேல் கேட்காமல் இருந்தால் சரி.