உரித்த பூண்டு

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் பச்சைப் பூண்டு வாசம் முகத்தில் அடித்தது. குடியை நிறுத்துவதற்காகத் திண்டுக்கல் மருத்துவமனையில் இருந்துவிட்டு அவன் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. பூம்பாறையில் இது பூண்டு அறுவடைக் காலம். பகலெல்லாம் பூண்டு தரம் பிரிப்பவன் மேல் வேறென்ன வாசம் அடிக்கும்? மதியத்துக்குப் பூண்டுத் துவையல் கட்டிக் கொடுத்ததும் நான்தான். ஆனாலும் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றுவிட்டேன்.

எங்கள் அப்பாவும் இதே வாசத்தோடுதான் வீட்டுக்குள் வருவார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் குழாயடியில் கால் கழுவும்போதே, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டில் நான்கு பல் உரித்து எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

"வாயுத் தொல்லைக்கு நல்லது தாயி. அம்மாட்ட சொல்லாத" என்பார். கண்ணில் நீர் வர அதை மென்ற பிறகே உள்ளே போவார். அப்பாவுக்கு வைத்தியம் பார்ப்பதாக எனக்கு ஒரே பெருமை. எந்த வாசத்தை மறைக்க உரித்துக் கொடுத்தேன் என்பது, அவர் ஈரல் கெட்டுப் படுத்த பிறகுதான் தெரிந்தது.

"என்னக்கா, அப்படியே நிக்கிற?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லப்பா. இன்னிக்கு வெள்ளனே வந்துட்டியேன்னு பாத்தேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து குனிந்து, "மோந்து பாத்துக்கக்கா" என்று வாயைத் திறந்து ஊதினான்.

பூண்டு வாசம் மட்டும்தான் அடித்தது. அப்பாவிடமும் அது மட்டும்தான் அடித்தது.