இடப்பக்கச் சீற்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணம் குருநகருக்கு வந்து ஜெசிதாவையே கேட்கலாம். இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டைக் காட்டும். தகரக் கொட்டிலும் கொட்டிலுக்குள் ஒரு பெரிய காரும் உள்ள வீடு அங்கே ஒன்றுதான். ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் பாருங்கள். இடப்பக்கச் சீற்றில் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கார் வந்தது ஓகஸ்ட் மாதம். வெளிநாட்டுக் கார்களுக்கு நாடு மறுபடியும் கதவைத் திறந்த வருடம் அது. கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். கருநீலம். இரண்டே கதவு. கரையில் இழுத்துப் போட்ட திருக்கை மாதிரி நிலத்தோடு படிந்த உடம்பு. எட்டுச் சிலிண்டர். பொத்தானை அமத்தினால் ஒழுங்கை நாய்கள் எழும்பி ஓடும்.

அனுப்பியவன் ஜெறோம், ஜெசிதாவின் அண்ணன். நோர்வேயின் வடக்கில் மீன் ஏற்றும் வான்கள் நாலு வைத்திருந்தான். அதில் ஒன்றை அவனே ஓட்டினான். பதினொரு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. தொடக்கத்தில் அங்கே மீன் வெட்டித்தான் தங்கச்சியைப் படிப்பித்தான். ஜெசிதா இரசாயனத்தில் பட்டம் வாங்கினாள். அந்த வீட்டில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள். சட்டமிட்ட பட்டமளிப்புப் படத்திலும் அண்ணன் இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவேயில்லை.

கார் இறங்கிய அன்று தொலைபேசியில் கத்தினாள்.

"எனக்குக் காரே வேணும்? நீ வா அண்ணை."

"கார் வந்தால் நான் வந்த மாதிரித்தானேடி."

"விசர்க் கதை கதைக்காதை."

"டிசம்பரிலை நத்தாருக்கு ரிக்கற் போட்டிட்டன். சத்தியமாய் வாறன். அதுவரைக்கும் உதைச் சும்மா நிப்பாட்டி வைக்காதை, உப்புக்காத்து தின்னும். ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கொண்டு போ."

அப்படித்தான் அந்தக் கார் நீர்வேலிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது.

ஜெசிதாவின் வேலை அங்கே ஒரு வாழைக்குலைக் கொட்டகையில். ஏற்றுமதிக்குப் போகும் காய்களில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பது. மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் பறக்கச் செய்த கார், ஒவ்வொரு காலையும் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றின் புகையைக் குடித்துக்கொண்டு கோப்பாயைத் தாண்டும். வேகத்தடை வந்தால் நண்டு மாதிரிக் குறுக்கே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உரசும். பள்ளிக்கூடப் பெடியள் சைக்கிளில் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பொலிஸ் மறிக்கும். லைசன்ஸ் பார்க்க இல்லை, பக்கத்தில் நின்று படம் எடுக்க.

கொட்டகையில் குலை கழுவும் சின்னத்தங்கம் அக்கா முதல்நாளே சொல்லிவிட்டாள். "பிள்ளை, உவ்வளவு பெரிய காரிலை ஒரு கதலிக் குலை ஏத்தேலாது. உதைக் கொண்டு என்ன செய்யிறது?"

"என்ரை அண்ணையைக் கேளுங்கோ" என்றாள் ஜெசிதா.

இடப்பக்கச் சீற்றை வெறுமையாய் வைத்தது தாய் லூர்த்தம்மாவின் வேலை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை அவன் படுக்கும் பாயில் வேறு யாரும் படுப்பதில்லை. அவன் இருந்து சாப்பிடும் இடத்தில் யாரும் இருப்பதில்லை. இடம் காத்தால் ஆள் வந்துசேரும் என்பது லூர்த்தம்மாவின் நம்பிக்கை. புருஷன் நீக்கிலாப்பிள்ளை கடலில் காணாமற் போனபோதும் அவள் பாயைச் சுருட்டவில்லை. விரித்தபடியே கிடந்தது. ஆள் வந்துதான் சேர்ந்தார். அலை கொண்டுவந்து கரையில் போட்டது.

காரைக் கண்டதும் லூர்த்தம்மா ஜெறோம் போட்ட பழைய சேட் ஒன்றைக் கொண்டுவந்து முன் இடப்பக்கச் சீற்றில் விரித்தாள்.

"உது அவன்ரை இடம். அவன் வரும்வரைக்கும் ஆரும் இருக்கப்படாது."

"அம்மா, அண்ணைதானே வந்து ஓட்டப் போறான். அவன்ரை இடம் வலப்பக்கம்."

"அதிலை நீ இருக்கிறாய். பிறகு எப்பிடி அவனுக்குக் காக்கிறது?"

ஜெசிதா விட்டுவிட்டாள். அதனால் வந்த கரைச்சல், தாயைப் பின்சீற்றில் ஏற்றுவது. இரண்டு கதவுக் கார். பின்னால் போக முன்சீற்றை மடிக்க வேண்டும். இடப்பக்கத்தை மடிக்க லூர்த்தம்மா விடமாட்டாள். ஓட்டுபவளின் சீற்றை மடித்து, முழங்காலில் தவழ்ந்து, "மாதாவே, இது காரோ கூடோ" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போவாள். ஒழுங்கையே நின்று சிரிக்கும்.

நவம்பர் வரைக்கும் இவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

அது ஒரு திங்கட்கிழமைப் பின்னேரம். மழை. வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். கோப்பாய்ச் சந்தியைக் கார் தாண்டியது.

டிங்... டிங்... டிங்...

திரையில் சிவப்பாக ஒரு படம். இடப்பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சேட் மட்டும்தான். அதைத் தூக்கினாள். மணி நிற்கவில்லை. சீற்றைத் தடவினாள். அதில் ஒன்றும் இல்லை.

காரை ஓரங்கட்டி, இழுத்து, வெறும் சீற்றுக்குப் பெல்ட்டை மாட்டினாள். மணி நின்றது.

அப்போதுதான் இன்னொரு படம் கண்ணில் பட்டது. சின்னதாய் ஒரு சீற், அதற்கு மேல் நெளிந்த மூன்று கோடுகள். சீற்றைச் சூடாக்குவது. கை வைத்தாள். சுட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புழுக்கத்தில் அவிகிற யாழ்ப்பாணத்தில் சீற்றுக்குச் சூடு! படத்தைத் தொட்டு அணைத்தாள். வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு அண்ணனுக்கு ஒரு செய்தி போட்டாள்.

"உன்ரை காருக்கும் விசர் பிடிச்சிட்டுது. ஆளில்லாத சீற்றுக்கு மணி அடிக்குது."

ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது. செய்தி போய்ச் சேரவில்லை.

மறுநாள் செவ்வாய். பின்னேரம் தாயைப் பாஷையூர் அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கார் ஒழுங்கையை விட்டு வெளியே வரவும் இல்லை.

டிங்... டிங்... டிங்...

"என்ன பிள்ளை, உது?"

"ஒண்டுமில்லை அம்மா. மழை ஈரம். சென்சர் பிழை."

எட்டிப் பெல்ட்டை மாட்டினாள். மணி நின்றது. மூன்று கோடுகளும் எரிந்துகொண்டிருந்தன. இடப்பக்கக் கண்ணாடி மட்டும் வெள்ளையாய்ப் பனிப்புகார் பிடித்திருந்தது. உட்பக்கம். அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

பின்னாலிருந்து லூர்த்தம்மாவின் கை நீண்டு வந்து சீற்றின் முதுகைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"சுடுது."

"அணைக்கிறன்."

"அணைக்காதை!"

ஜெசிதா திடுக்கிட்டுப் போனாள். தாய் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"கொப்பர் கடலாலை வந்தால் முதல் என்ன கேப்பார்? சோறே கேக்கிறவர்? சிரட்டை நெருப்புக்குக் கிட்டப் போய்க் குந்துவார். குளிர்ந்து வாறவனுக்கு முதல் சூடு. விடு. கிடக்கட்டும்."

"ஆர் அம்மா வந்தது? ஒருத்தரும் இல்லை."

கோயிலில் லூர்த்தம்மா ஒன்றுக்கு இரண்டாய் மெழுகுதிரி கொளுத்தினாள். "அவன் ரெண்டு நாளாய்க் கதைக்கேல்லை" என்று மட்டும் சொன்னாள்.

"வேலையாய் இருப்பான். நத்தார் வருகுதெல்லே" என்றாள் ஜெசிதா.

அன்றிரவும் பார்த்தாள். ஒற்றைச் சரி.

புதன்கிழமை. தனியாக வந்தாள். மழை கொட்டியது. ஐந்தரை மணிக்கே இருட்டு. கோப்பாய்ச் சந்தி.

டிங்... டிங்...

பெல்ட்டை மாட்டினாள். நேரே பார்த்து ஓட்டினாள்.

ஏதோ மணந்தது. மீன். ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம்.

காருக்குள் குளிர்ந்தது. ஏசி போடவில்லை.

கண்ணைச் சரித்தாள்.

இடப்பக்கக் கண்ணாடியில் புகார். பரவியது... சுருங்கியது. மறுபடி பரவியது... சுருங்கியது.

யாரோ மூச்சு விடுவதுபோல.

பிறகு பெல்ட்டைப் பார்த்தாள். வெறும் சீற்றில் மாட்டினால் பெல்ட் சீற்றோடு ஒட்டிக் கிடக்கும். இது ஒட்டிக் கிடக்கவில்லை. முன்னுக்குத் தள்ளி, வளைந்து, இறுகி நின்றது. ஒரு நெஞ்சைச் சுற்றி நிற்பதுபோல.

சேட் நசுங்கிக் கிடந்தது.

காரை நிறுத்தினாள். பயம் கூடினால் அவளுக்குக் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"ஆர் நீ? உது என்ரை அண்ணைக்குக் காக்கிற இடம். எழும்பிப் போ!"

மூன்று கோடுகள்.

விரலால் குத்தி அணைத்தாள்.

எரிந்தது.

அணைத்தாள்.

எரிந்தது. இந்த முறை இரண்டு கோடு.

அணைத்தாள்.

ஒரு கோடு. மெல்லிசாக... நடுங்கி...

"போ எண்டு சொல்லுறன்!"

அணைத்தாள்.

எரியவில்லை.

பெல்ட் மெதுவாகத் தளர்ந்து சீற்றோடு படிந்தது. கண்ணாடியில் பரவியிருந்த புகார் ஓரத்திலிருந்து கரைந்து, ஒரு காசளவு ஆகி, இல்லாமற் போனது.

மழைச் சத்தம் மட்டும்.

வியாழக்கிழமை மணி அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் லூர்த்தம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"சீற் சுட்டதே?"

"இல்லை."

"நீ அணைச்சனியோ?"

ஜெசிதா ஓம் என்றாள். தாய் கொட்டிலுக்குப் போய்ச் சேட்டை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு அதைக் காரில் விரிக்கவேயில்லை.

சனிக்கிழமை விடியத் தொலைபேசி அடித்தது. ஜெறோமோடு வேலை செய்யும் அடைக்கலநாதன். அழுகையோடுதான் தொடங்கினான்.

திங்கட்கிழமை மலைப்பாதையில் பனிச்சரிவு. பாதை இரண்டு பக்கமும் மூடிப்போனது. இடையில் ஒரு வான் புதைந்து கிடந்தது ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் தோண்டி எடுத்தார்கள். பின்னால் மீன் பெட்டிகள். முன்னால் ஜெறோம்.

"எந்தப் பக்கம் இருந்தவன்?" என்று கேட்டாள் ஜெசிதா. ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஓட்டுற இடத்திலைதான் தங்கச்சி. இஞ்சை ஸ்ரியறிங் இடப்பக்கமெல்லே."

அவள் கொட்டிலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

அடைக்கலநாதன் சொல்லிக்கொண்டே போனான். ஆள் உடனே சாகவில்லையாம். வானின் சீற்றுக்குச் சூடு இருந்தது. அந்தச் சூட்டில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். பற்றரி அவ்வளவு நாள் எப்படித் தாங்கியது என்று டொக்டருக்கும் விளங்கவில்லை, பொலிசுக்கும் விளங்கவில்லை. இன்னொன்றும் அவர்களுக்கு விளங்கவில்லை. வான் புதைந்து நின்றால் எவனும் முதலில் பெல்ட்டைக் கழற்றித்தானே விடுவான்? ஜெறோம் போட்டபடியே இருந்தான்.

"எப்ப... எப்ப உயிர் போனது எண்டு சொன்னவையோ?"

"புதன் மத்தியானம், ஒரு மணிபோலை. உங்களுக்கு அப்ப பின்னேரம்."

ஐந்தரை மணி.

நத்தாருக்கு முன்னம் ஜெறோம் வந்தான். சொன்ன சொல் தவறவில்லை. பெட்டியில் வந்தான். புனித யாகப்பர் கோயிலில் பூசை வைத்துக் கொய்யாத்தோட்டத்துச் சேமக்காலையில் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணினார்கள். லூர்த்தம்மா மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஜெசிதாவுக்கு ஆறியிருக்கும்.

காரை விற்கச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. இன்றைக்கும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். பின்னேரம் கோப்பாய்ச் சந்தி வந்தால் ரேடியோப் பாட்டை நிறுத்துவாள். வேகத்தைக் குறைப்பாள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும். அவள் காது கொடுப்பது வேறொரு மணிக்கு.

அது அடிக்கவில்லை.

ஜனவரியில் கொழும்பு நிறுவனத்திலிருந்து நஜீம் என்ற மெக்கானிக் வந்தான். புதுக் காருக்கு இலவசச் சோதனை. கொட்டிலில் வைத்தே கணினியைப் பூட்டிப் பார்த்தான். பெல்ட் சென்சரில் ஒரு பிழையும் இல்லை என்றான்.

"அப்ப சீற் சூடாக்கிறது?" என்று கேட்டாள் ஜெசிதா. "அதையும் ஒருக்கால் பாருங்கோ. இடப்பக்கம். நவம்பரிலை தானாய் எரிஞ்சது. நான்தான் அணைச்சனான்."

நஜீம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சீற்றின் அடியைக் கழற்றி ரோர்ச் அடித்துக் காட்டினான்.

"தங்கச்சி, எங்கடை நாட்டுக்கு இறக்கிற காருக்கு உது போடுறேல்லை. இஞ்சை பாருங்கோ. வயரும் இல்லை, சாமானும் இல்லை. திரையிலை அந்தப் படமே வராது."

ஜெசிதா குனிந்து பார்த்தாள். வெறும் பஞ்சும் தோலும்தான் இருந்தது.

வீட்டுக்குள்ளே லூர்த்தம்மா செபமாலை சொல்வது கேட்டது. ஜெசிதா எட்டித் திரையில் கை வைத்தாள். அந்தப் படம் எரிந்த இடத்தில், நாலு தரம் குத்திய அதே விரலை வைத்தாள்.

"அப்ப நான் அணைச்சது என்னத்தை?"

நஜீம் ரோர்ச்சை நிறுத்தினான்.