ஒரு டிக்கை மாற்ற வந்தவர்

சுபேதார் மாமா உள்ளே வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கம்பத்தில் முன்னாள் ராணுவத்தினர் மாதம் ஒருமுறை கூடும் அறை அது. திராட்சைத் தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் வந்திருந்த நரைத்த மனிதர்கள் விறைப்பாக எழுந்து நின்றார்கள். மாமா கையசைத்த பிறகே உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் அண்ணன் அல்லவா.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் மன அழுத்தம் பற்றி அப்போது மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஊர் ஊராக அலைந்தும் படிவத்தை யாரும் நிரப்பித் தரவில்லை. மாமா ஒரு வார்த்தை சொன்னதும் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் பதறுகிறீர்களா, பழைய காட்சிகள் கண்முன் வருகின்றனவா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று மூன்று கட்டங்கள். முன்வரிசையில் இருந்த மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் டிக் போட்டார். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து அப்படியே போட்டார்கள். ஒருவர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மாமா திரும்பிப் பார்த்தார். அவரும் போட்டுவிட்டார்.

மேலதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிப்பாயிடம் பயமா என்று கேட்கக் கூடாது. இது புரிய முனைவர் பட்டம் எல்லாம் வேண்டாம். எனக்குப் புரியவில்லை. இந்தப் பக்கத்து வீரர்களின் மனவுறுதி என்று ஓர் அத்தியாயமே எழுதிவைத்தேன். இன்று தேனியில் ஒரு கல்லூரியில் கள ஆய்வு முறைகளைப் பாடம் நடத்துவதும் நான்தான்.

ஆய்வேடு பைண்டிங் முடிந்து வந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் மாமா மதுரைக்கு வந்து நின்றார்.

"அந்தப் படிவத்துல ஒரு கேள்விக்கு மட்டும் வேற டிக் போடணும்த்தா" என்றார்.

பரீட்சை முடிந்தபின் விடைத்தாளைத் திருப்பிக் கேட்கும் பிள்ளை மாதிரி நிற்கிறீர்களே என்று கேலி செய்தேன். ஒரு டிக் மாறினால் முடிவு எதுவும் மாறாது என்று விளக்கமும் கொடுத்தேன். சமர்ப்பிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. எனக்குச் சோம்பல்.

"அப்பச் சரித்தா" என்றார். காபி வாங்கிக் கொடுத்து, ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எந்தக் கேள்விக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அத்தை என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனாள்.

"பட்டாளத்துல இருந்து வந்த நாள் தொட்டு எதையோ உள்ளுக்குள்ளயே வச்சிருந்தாக. எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டாக. மருமககிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்னுட்டுத்தான் அன்னைக்கு மதுரைக்கு பஸ் ஏறுனாக. உங்கிட்டயாவது சொன்னாகளாத்தா?"

அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆமாம் அத்தை, சொன்னார் என்றேன். என்ன என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது போதும் என்றாள்.

இன்றும் நான் கம்பம் போனால், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை என்னைக் காட்டிச் சொல்கிறாள்: "மனசுல இருந்ததையெல்லாம் இவகிட்ட எறக்கி வச்சுட்டுத்தான் போனாக."