தோற்றவர்களின் மொழி

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணமும் ஃபிளாஸ்கில் கிடந்து கசந்த கோப்பியின் மணமும் கலந்த ஒரு வகுப்பறையில்தான், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பிறந்து வளர்ந்த நான் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியைப் படித்தேன். 2009ஆம் ஆண்டின் தொடக்கம் அது; எனக்குப் பதினொரு வயது. போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்த பெரியம்மாவிடமிருந்து எந்தச் செய்தியும் வராததால் வீட்டில் தொலைக்காட்சி அணைவதேயில்லை. "இந்தப் பெட்டிக்கு முன்னாலை இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்ற அம்மா, "ஆஃப்டன்ஸ்கோலே" என்று நாங்கள் சொல்லும் மாலைப் பள்ளியில் இடமிருந்த ஒரே வகுப்பில் சேர்ந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "சொந்தப் பாஷையிலை ஒரு வசனம் கதைக்காத பிள்ளைக்கு ஆரோ ஒருத்தற்றை பாஷை" என்றார். உண்மைதான், அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் டேனிஷில் பதில் சொல்வேன்.

பாடம் சொல்லித்தந்த மோராக், ஸ்கொட்லாந்தில் ஒரு தீவில் பிறந்து, டேனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். இலக்கணத்தை ஒதுக்கிவிட்டுக் கதைகளால் தொடங்கினார். முதலில், கரையில் தோலைக் கழற்றினால் பெண்ணாக மாறும் கடல்நாயின் கதை. தன் தோலை ஒளித்துவைத்தவனுக்கே மனைவியாகி, பல ஆண்டுகள் கழித்து அதைப் பெட்டிக்குள் கண்டதும் அடுப்பில் கொதித்ததை அப்படியே விட்டுக் கடலுக்குத் திரும்பியவளைச் சொல்லுக்குச் சொல் எங்கள் வாயில் நடக்கவைத்தார். பிறகு, 1746இல் பிரித்தானிய அரசுப் படையை எதிர்த்து நடந்த குலோடன் போர். தோற்ற மலைநாட்டாரின் உடைக்குத் தடை வந்ததையும், பின்னாளில் கேலிக் பேசிய பிள்ளைகள் பள்ளியில் அடிவாங்கியதையும் குரல் உயர்த்தாமல் சொன்னார்.

போர் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன வைகாசி நாளிலும் வகுப்பு இருந்தது.

"இண்டைக்கும் போறியோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம். இண்டைக்குக் கட்டாயம் போறன்" என்றார் அம்மா, சப்பாத்தைப் போட்டபடி.

அன்று வகுப்பில் ஓய்வுபெற்ற டேனிஷ்காரர் ஒருவர், எங்களை நினைத்தல்ல, சாதாரணமாகத்தான், தோற்றுப்போன சனத்தின் மொழியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். மோராக் வாய் திறக்குமுன் அம்மா எழுந்தார். அதுவரை அங்கே ஒரு முழு வசனம் பேசாதவர், தன் உடைந்த டேனிஷில், "தோற்ற வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு எந்த மொழியில் பேசச் சொல்கிறீர்கள்?" என்றார்.

கேலிக்கில் ஒரு மொழி 'தெரியும்' என்பதில்லை. அது என்னிடம் இருக்கிறது என்பார்கள். "ஹா காலிக் அகம்" என்பது மோராக் தந்த வசனம். அம்மா அதில் மொழியை மட்டும் மாற்றினார்: "ஹா தமிழ் அகம்." யாரும் கேட்காமலே நானும் எழுந்து அதையே சொன்னேன். அந்த மனிதர் தலையசைத்து, ஒரு கோப்பியை ஊற்றி அம்மா முன்னால் வைத்தார்.

திரும்பும் வழியில், காருக்குள், "அம்மா, பெரியம்மா இப்ப எங்கை இருப்பா?" என்று கேட்டேன். நான் தமிழில் கேட்டதை அம்மா கவனித்ததாகக் காட்டவில்லை. "தெரியேல்லைப் பிள்ளை. தேடுவம்" என்றார்.

ஆவணியில் ஒரு முகாமிலிருந்து தொலைபேசி வந்தபோது நான்தான் எடுத்தேன். பெரியம்மா, தன் மகன் இனி இல்லையென்பதை முதலில் என்னிடம்தான் சொன்னார். எனக்கு அது விளங்கியது. அழவும் பதில் சொல்லவும் தமிழிலேயே முடிந்தது.

இன்று அந்த மாலைப் பள்ளிக் கட்டடத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. மோராக் தன் தீவுக்குத் திரும்பி அங்கேயே காலமானார். கேலிக்கில் எனக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடியளவு சொற்கள்தான். போன மாதம் வேலையிடத்தில் புதிதாக வந்தவர் ஒருவர், நான் தொலைபேசியில் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, அது எந்த நாட்டின் மொழி என்று விசாரித்தார்.

"என்னுடையது" என்றேன்.