பாண்டியம்மாளின் குலவை

பாண்டியம்மாள் குலவை போட்டால் வீரபாண்டியில் தெருநாய்கூட எழுந்து நிற்கும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தபோது சட்டிபானையோடு அவள் கொண்டுவந்த சொத்து அதுதான். பனியன் கம்பெனியில் பழுதான பீஸைப் பார்த்துக் கழிக்கும் செக்கிங் வேலை பார்த்தாள்.

2006இல் அந்த நாக்கு மக்கர் செய்தது. காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலமானால் இமை சரியும், பேச்சு குழறும். குலவை போட்டால் வெறும் காற்றுதான் வந்தது. கண் பட்டுவிட்டது என்று ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். நல்லவேளை, புருஷன் ராக்கையா அவளைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

“நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்குதுங்கம்மா. நோயோட சண்டை போடுற செல்லுக அங்கதான் பழகும். சொந்த ஒடம்பையே தாக்குற செல்லை அது கழிச்சிரோணும். உங்களுக்குக் கழிக்காம வெளிய விட்டிருக்குது. அதுக நரம்பும் தசையும் சேர்ற எடத்தையே தாக்குது. அதனாலதான் நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரமாட்டேங்குது,” என்றார் டாக்டர்.

“ரிஜெக்ட் பீஸைப் பாஸ் பண்ணி விட்டுருக்கு! எங்க கம்பெனியா இருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க,” என்றாள் பாண்டியம்மாள்.

சுரப்பியை எடுத்தார்கள். எதிர்ப்புச் செல்கள் பெருகாமல் அடக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும், நல்ல செல்லையும் சேர்த்தே அடக்கும், சளி காய்ச்சல் சுலபமாகத் தொற்றிவிடும், அதனால் கூட்டத்துக்குள் போகவே கூடாது என்றார் டாக்டர். அவள் கேட்டது ஒன்றுதான்: “எம்மக சித்ராதேவி கல்யாணத்துக்குள்ள குலவை வந்துருமா சார்?” அவர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மாதங்கள் போக இமை நிமிர்ந்தது, பேச்சு தெளிந்தது. குலவையை மட்டும் அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. வராமல் போய்விடுமோ என்று பயம்.

தையில் முகூர்த்தம். மண்டபம் நிறைய இருமலும் சளியும். முதலாளி பொங்கியண்ணன் கம்பெனி வேனைப் பக்கவாட்டுக் கதவை ஒட்டி நிறுத்தச் சொன்னார். “வேனுக்குள்ளயே உக்காந்து பாருங்கம்மா. மண்டபக் கதவைத் தொறந்து வெச்சிருக்கறனுங்க,” என்றார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். பாண்டியம்மாள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வேனருகே நின்ற ராக்கையா தலை குனிந்துகொண்டான். அடுத்த மூச்சில் வந்தது பாருங்கள், கெட்டிமேளத்தையே அமுக்கிக்கொண்டு!

முடிச்சு விழுந்ததும் மண்டபமே எழுந்து வேனைப் பார்த்து ஓடிவந்தது. “யாரும் கிட்ட வராதீங்க! கூட்டமே ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு!” என்று ராக்கையா கைகளை விரித்துக் கத்தினான். பாண்டியம்மாள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மாலையும் கழுத்துமாக வந்து நின்ற மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“போதும்மா, நாக்கு தளர்ந்துரும்.”

“தளரட்டும்டி. நாளைக்குப் பூரா பேசாம கெடக்கேன். உனக்கு இன்னைக்குத்தானே கல்யாணம்!” என்று உள்ளிருந்தே சொன்னவள், மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பித்தாள்.