மாப்பிள்ளைக் காருக்கு மூச்சு முட்டிய நாள்

வாப்பாவின் காரில் நான் மாட்டிய பைப்பைத் திட்டிய யாரும் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் பெண் நான். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் முடித்தேன். வாப்பா வாடகைக்கு ஓட்டும் பழைய பெட்ரோல் கார், ஏசி போட்டு நாலு பேரை ஏற்றினால் பாலம் ஏறத் திணறும். பானட்டைத் திறந்து பார்த்தேன். காற்றை இழுக்கும் வாய், கொதிக்கிற இன்ஜினை ஒட்டியே இருந்தது. சூடான காற்றில் இன்ஜினுக்கு வலு குறையும்; குளிர்ந்த வெளிக்காற்று வரட்டும் என்று ஃபில்டர் பெட்டியிலிருந்து முன் கிரில்லின் பின்புறம் வரை ஒரு பைப்பைக் கொண்டுவந்து, முனையில் கம்பி வலை கட்டினேன். கார் ஒன்றும் பறக்கவில்லை. திணறல் குறைந்தது, அவ்வளவுதான்.

வாப்பா நிபந்தனை போட்டார்: "வழியில ஒரு தடவ நின்னுச்சுன்னா கழட்டிருவேன். அப்புறம் நீ பானட்டுல கையே வெக்கக் கூடாது."

சிறிய வாப்பா மகனுக்குச் சிதம்பரத்தில் நிக்காஹ். எங்கள் கார்தான் மாப்பிள்ளைக் கார். கடலூரில் கிளம்பும் முன் அக்கா வீட்டுக்கார மச்சான் முன்பக்கம் முழுக்க ரோஜாவும் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளுமாகக் கட்டவைத்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. கடைசியில் ஓரம் கட்டினோம்.

"படிச்ச புள்ள கை வெச்சா இப்புடித்தான்" என்றார் மச்சான். மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக் வந்தார். இன்ஜினை நிறுத்திப் பார்த்தார். "பைப்பு யாரு வெச்சது?"

"நான்தான் அண்ணே."

அவர் மச்சானிடம் திரும்பினார். "கழட்டிரலாம் பாய். பாப்பாவ உள்ள உக்காரச் சொல்லுங்க."

பாப்பா! வாப்பா வாய் திறக்கவில்லை. ஸ்பேனர் பைப்புக்குப் போனது. நான் அதற்கு முன்னால் போய் நின்றேன்.

"வாப்பா, ஸ்டார்ட் பண்ணி நல்லா மிதிங்க."

மிதித்தார். கிரில்லில் தொங்கிய பிளாஸ்டிக் தாள் உள்ளே இழுபட்டு, கம்பி வலையின் மேல் பச்சென்று ஒட்டிக்கொண்டது. இன்ஜின் விக்கியது. காலை எடுத்ததும் தாள் தளர்ந்து பூவுக்குள் ஒளிந்துகொண்டது. நிறுத்திவைத்துப் பார்த்தால் எவருக்கும் தெரியாது. பூவையும் தாளையும் சேர்த்துப் பிய்த்து எறிந்தேன். வண்டி சீறியது.

"நல்ல வேள, வண்டி கெளம்புச்சு" என்றார் மெக்கானிக். யார் கிளப்பியது என்று சொல்லவில்லை.

நிக்காஹ் நேரத்துக்கு நடந்தது. பிரியாணி சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து மச்சான் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு அப்பவே பூ மேலதான் சந்தேகம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாப்பா கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம் கேட்டேன், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"கல்யாண வூட்ல எதுக்கும்மா சண்ட?"

எனக்குச் சண்டை வேண்டாம். என் வேலைக்கு என் பெயர் வேண்டும்.

பைப் கழற்றப்படவில்லை. போன வாரம் இன்னொரு கல்யாணத்துக்குக் காரைக் கேட்டு வந்தவர்களிடம் வாப்பா சொன்னார்: "கிரில்லுல பூ கட்டக் கூடாது. எம் மவ அங்க பைப் வெச்சிருக்கா. வண்டிக்கு மூச்சு அதுலதான்."

வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு எளிதாக வரும் பேச்சு, புதுச்சத்திரம் ரோட்டில் அந்த மெக்கானிக்கின் முன்னால் ஏன் வரவில்லை?